சின்னவள் அறைக்குச் சுவர்த்தாள்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது ஐந்துக்குச் சுவர்த்தாள் ஒட்டுபவர் வந்தார். ஒன்பது மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அந்த ஐந்து நிமிடத்தில் பெரியவள் இரண்டு முறை கதவைத் திறந்து பார்த்துவிட்டாள்.

"எந்த ரூம்மா?"

"கடைசி ரூம். ஜன்னல் பக்கத்துச் சுவரு ஊறிப்போச்சு. மேல் வீட்டு வாஷிங் மெஷின் குழாய்."

"மேல் வீட்டுக்காரங்க என்ன சொன்னாங்க?"

"ஸாரி சொன்னாங்க."

"ஸாரிய வெச்சு ஒட்ட முடியாதே" என்றார் அவர்.

அறையில் ஒரு கட்டில் இருந்தது. மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தாள். காலி அலமாரி. சுவரில் ஒரு ஆணி, அதில் எதுவும் மாட்டவில்லை. வெள்ளையில் பச்சைக் கோடுகள் போட்ட பழைய தாள் ஜன்னலோரம் உப்பியிருந்தது. அவர் அகலக் கத்தியை அடியில் கொடுத்து இழுத்தார். ஒரு கை நீளத்துக்கு உரிந்து வந்தது. விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"காஞ்சிருக்கு. பொழைச்சீங்க."

பிறகு கூரையோரம் நூலைப் பிடித்துத் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். குண்டு ஆடி நின்றது. நூலுக்கும் சுவருக்கும் நடுவில் மேலே ஒரு விரல் இடைவெளி. கீழே மூன்று விரல்.

"இந்த வீட்டைக் கட்டுனவருக்கு ஒரு கால் குட்டையா?"

"ஏன்?"

"சுவரு சாயுது. இனிமே கோடு போட்ட பேப்பர் வேண்டாம்மா. கோடு காட்டிக் குடுத்துடும். பூ, இலை, புள்ளி, எது வேணா போடலாம்."

அளந்து, சுவரிலேயே பென்சிலால் எழுதிக்கொண்டார். ஆறு ரோல் வேண்டும். எல்லா ரோலிலும் ஒரே பேட்ச் நம்பர் இருக்கிறதா என்று கேட்டு வாங்கச் சொன்னார். நம்பர் மாறினால் நிறம் மாறும். கடையில் தெரியாது, ஒட்டிய பிறகு தெரியும்.

"யாரு தங்கற ரூம்?"

"என் தங்கச்சி."

"பகல்ல இருப்பாங்களா, ராத்திரி படுக்க மட்டுமா? பகல்னா ஜன்னல் வெளிச்சத்துல பார்த்து வாங்கணும். ராத்திரின்னா லைட்டுல பார்க்கணும்."

பெரியவள் கொஞ்சம் யோசித்தாள்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருவா. சனிக்கிழமை இருந்துட்டுப் போவா."

"வெளியூர்ல இருக்காங்களா?"

"இதே ஊர்தான். கல்யாணமாகிப் போயிட்டா. அஞ்சு மாசம் ஆச்சு."

"புதுப்பொண்ணு. அப்ப பூவே போட்டுருங்க."

"அம்பத்தொரு வயசு."

அவர் அளவுநாடாவைச் சுருட்டுவதை நிறுத்தினார். "இருக்கட்டுமே. பூவுக்கென்ன வயசா தெரியும்?"

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "திங்கட்கிழமை மத்தியானத்துக்குள்ள கடையில ஆர்டர் குடுத்துடுங்க. வியாழக்கிழமை வந்து ஒட்டிடறேன். அதை விட்டா ரெண்டு மாசம் நான் கிடைக்க மாட்டேன். ஒரு ஹோட்டல் வேலை. எண்பது ரூம், எல்லாத்துக்கும் ஒரே பேப்பர். கண்ணை மூடிட்டு ஒட்டலாம்."

அவர் போன பிறகு பெரியவள் அறைக்குத் திரும்பி வந்து நின்றாள். வெள்ளிக்கிழமை என்று அவரிடம் சொன்னது பொய். இந்த ஐந்து மாதத்தில் சின்னவள் நான்கு முறை வந்தாள். ஒவ்வொரு முறையும் ஆறு மணிக்குள் கிளம்பிவிட்டாள். ஓர் இரவுகூடத் தங்கவில்லை. வாரம் ஒருநாள் வந்து தங்கிப் போ என்று கேட்க வேண்டும். அறையைச் சரிசெய்துவிட்டுத்தான் கேட்க வேண்டும். ஊறிய சுவரைக் காட்டி எப்படிக் கேட்பது?

சுவர் ஊறியது போன மாதம். அதற்கு முந்தைய நான்கு மாதம் ஏன் கேட்கவில்லை என்பதை அவள் யோசிக்கவில்லை.

*

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. எதை வாங்கினாலும் பெரியவள் மூன்று எடுப்பாள். அந்த மூன்றில் ஒன்றைச் சின்னவள் எடுப்பாள்.

அம்மா போட்ட சட்டம் அது. அப்போது பெரியவளுக்குப் பதின்மூன்று வயது, சின்னவளுக்கு ஏழு. ஒரு குடைக்காக இருவரும் முடியைப் பிடித்து இழுத்துச் சண்டை போட்டார்கள். குடை உடைந்தது. "பெரியவ மூணு எடுக்கட்டும், சின்னவ அதுல ஒண்ணு எடுக்கட்டும். அதுக்கு மேல எவளாவது வாயத் திறந்தா ரெண்டு பேருக்கும் கிடையாது" என்றாள் அம்மா. அதன்பிறகு வீட்டில் சண்டை வரவில்லை.

பள்ளிப் பை, போர்வை, சைக்கிள் எல்லாம் அப்படித்தான் வந்தன. இருவருக்கும் கல்யாணப் பேச்சு வந்து, தள்ளிப்போய், நின்றுபோனது. அப்பாவும் அம்மாவும் போனார்கள். சகோதரிகள் இந்த மூன்றாம் மாடி வீட்டுக்கு வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. சோபா, ஃபிரிட்ஜ், திரைச்சீலை, எல்லாமே மூன்றில் ஒன்று. பல் டாக்டரைக்கூட அப்படித்தான் பிடித்தார்கள். பெரியவள் மூன்று பெயர்களை எழுதி நீட்டினாள். சின்னவள் நடுவில் இருந்ததைத் தொட்டாள். நல்ல டாக்டர்தான்.

பெரியவளிடம் ஒரு ரகசியம் இருந்தது. எது வேண்டும் என்று அவள் முதலிலேயே முடிவு செய்துவிடுவாள். பிறகு சின்னவள் ஒருக்காலும் தொடாத இரண்டைத் தேடுவாள். ஒன்று கண்ணைப் பறிக்கும். இன்னொன்று அழுது வடியும். அவற்றுக்கு நடுவில் மூன்றாவது லட்சணமாக நிற்கும். சின்னவள் ஒருமுறைகூட மாற்றி எடுத்ததில்லை.

இதைப் பெரியவள் தப்பாக நினைத்ததில்லை. வீடு நன்றாக அமைந்தது. யாரும் அழவில்லை.

அவளுக்குக் கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கும் வேலை. நீளமான இருட்டறை. அந்தக் கோடியில் எழுத்துப் பலகை வெளிச்சத்தில் தெரியும். வந்தவரின் மூக்கின் மேல் கனமான சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, முதலாவது நன்றாகத் தெரிகிறதா, இரண்டாவதா என்று கேட்பாள். சிலரிடம் ஒரே வில்லையை எடுத்து மறுபடியும் அதையே போடுவாள். "ரெண்டாவது நல்லா இருக்கு" என்பார்கள். கேட்பவள் மனம் கோணக்கூடாது என்று சொல்பவர்கள் அவர்கள். அவர்களுக்குக் கூடுதல் நேரம் வேண்டும்.

சின்னவளின் கண்ணையும் அவள்தான் சோதிப்பாள். சின்னவள் எப்போதும் இரண்டாவதையே சொல்வாள்.

ஒரு நாள் லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் வந்தார். மனைவியை இழந்தவர். ஒரே வில்லையை இரண்டு முறை போட்டதும் சட்டத்தோடு தலையைத் திருப்பினார். "ரெண்டும் ஒண்ணுதான் மேடம். கண்ணைச் சோதிக்கறீங்களா, என்னைச் சோதிக்கறீங்களா?" பெரியவள் மறந்துவிட்டு வந்த வீட்டுச் சாவியைக் கொடுக்க வந்த சின்னவள் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். மெக்கானிக் கண்ணாடி வாங்க வந்தார். கண்ணாடி சரியில்லை என்று வந்தார். சரியாக இருக்கிறது என்று சொல்ல வந்தார். ஒரு வருடம் கழித்து அவருக்கும் சின்னவளுக்கும் கல்யாணம்.

"அக்கா, இதுல மட்டும் மூணு கிடையாது. ஒருத்தர்தான் வந்தாரு" என்றாள் சின்னவள்.

*

புதன்கிழமை வேலை முடிந்து பெரியவள் சுவர்த்தாள் கடைக்குப் போனாள். சாய்வு மேசைகளில் மாதிரிப் புத்தகங்கள் கிடந்தன. ஒவ்வொன்றும் தூக்க முடியாத கனம். கடைக்காரப் பெண் கொண்டையில் பென்சிலைச் செருகியிருந்தாள்.

"என்ன மாதிரி பாக்கறீங்க?"

"என் தங்கச்சிக்குப் புடிச்ச மாதிரி."

"அவங்களுக்கு என்ன புடிக்கும்?"

"பெரிய பூ புடிக்காது. ஜிகினா புடிக்காது. மண்ணு கலர் புடிக்காது."

"புடிக்காததைச் சொல்றீங்க. புடிச்சது?"

பெரியவள் ஒரு புத்தகத்தைத் திறந்தாள்.

பழக்கதோஷம், கை தானாகப் போனது. வெளிர் சாம்பலில் பொடி இலைகள் போட்ட ஒரு தாளில் நின்றது. அது அவளுக்குப் பிடித்தது. அதன் பக்கத்தில் நிற்க ஒரு மண் நிறத்தையும் தங்கச் சரிகை போட்ட ஒரு சிவப்பையும் தேடினாள். இரண்டும் கிடைத்தன. மூன்று தாள்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தாள். சின்னவள் சாம்பலைத் தொடுவாள். ஆறு மணிக்குக் கிளம்புவாள்.

பெரியவள் மூன்றையும் மூடினாள். இந்தத் தடவை சின்னவள் தொட்டால் மட்டும் போதாது. அவளுக்கு நிஜமாகவே பிடிக்க வேண்டும். அந்தச் சுவருக்காக அவள் பஸ் ஏறி வர வேண்டும்.

முதலிலிருந்து ஆரம்பித்தாள். பதினோரு புத்தகங்கள் பார்த்தாள். ஒவ்வொரு தாளிலும் நின்று, இது அவளுக்குப் பிடிக்குமா என்று கேட்டுக்கொண்டாள். பதில் வரவில்லை. சின்னவளுக்கு எந்தப் பல்லில் சொத்தை, எந்தக் கண்ணில் எவ்வளவு பவர் என்பது அவளுக்குத் தெரியும். எந்தத் தும்மல் ஜலதோஷத்தில் முடியும் என்பதுகூடத் தெரியும். இது தெரியவில்லை.

கடைசியில் மூன்று தாள்கள் கையில் நின்றன. நீலத்தில் கம்பிமேல் உட்கார்ந்த குருவிகள். நெய்த துணி போன்ற மங்கலான மஞ்சள். சாம்பலில் வெள்ளைப் பெரணி இலைகள். தனக்கென்றால் அவள் எதையும் எடுத்திருக்க மாட்டாள். எதுவும் மோசமும் இல்லை.

"கடை சாத்தணுங்க" என்றாள் கடைக்காரப் பெண். "அந்தக் குருவிங்களே கூட்டுக்குப் போற நேரமாச்சு."

மூன்றிலும் கை நீளத் துண்டு வாங்கிக்கொண்டு பெரியவள் வீட்டுக்கு வந்தாள்.

*

வியாழக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் போன் செய்தாள். சின்னவள் மழலையர் பள்ளியில் ஆசிரியை. பின்னால் ஒரே இரைச்சல்.

"சொல்லுக்கா. ஏய், அத வாயில வைக்காத! உன்ன இல்லக்கா."

"வால்பேப்பர் மூணு எடுத்து வெச்சிருக்கேன்."

"எதுக்கு?"

"உன் ரூமுக்கு."



"போட்டோ எடுத்து அனுப்பேன்" என்றாள் சின்னவள்.

"போட்டோல கலர் ஏமாத்தும். நேர்ல வா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தேன்னா..."

"ஞாயித்துக்கிழமை வரோம்க்கா. நாலு மணிக்கு."

வரோம் என்றாள். பெரியவள் சரி என்றாள்.

சனிக்கிழமை அவளுக்கு விடுமுறை. மெத்தையை விரித்து, புது விரிப்புப் போட்டாள். விளக்கை மாற்றினாள். அலமாரியில் ஒரு துண்டை மடித்து வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். பிறகு சாம்பிள் துண்டுகளை எங்கே ஒட்டுவது என்று யோசித்தாள். படுத்தால் சின்னவளின் கண் எங்கே போகும்?

கட்டிலில் படுத்துப் பார்த்தாள். பத்தொன்பது வருடத்தில் அந்தக் கட்டிலில் அவள் படுத்ததில்லை. தலையணையிலிருந்து சுவர் ஒரு சாண் தூரம். காதுக்குப் பக்கத்தில் ஏதோ தடதடத்தது. மேல் வீட்டுக் குழாயில் தண்ணீர் இறங்கும் சத்தம். நின்றது. மறுபடி தடதடத்தது. இது அவள் அறையில் கேட்காது. சின்னவள் இதைக் கேட்டுக்கொண்டுதான் இத்தனை வருடம் படுத்திருக்கிறாள். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஊறிய சுவரில் மிச்சமிருந்த பழைய தாளையும் உரித்துவிட்டு, மூன்று துண்டுகளையும் தலையணை உயரத்தில் டேப் போட்டு ஒட்டினாள். எதிரே தரையில் உட்கார்ந்து பார்த்தாள். வெயில் ஜன்னலிலிருந்து நகர்ந்து குருவிகளைக் கடந்து மஞ்சளுக்கு வரும்வரை உட்கார்ந்திருந்தாள். அன்று அவள் யாரிடமும் பேசவில்லை. பால் வாங்கப் போன இடத்தில்கூட விரலைக் காட்டியே வாங்கிவிட்டாள்.

*

ஞாயிற்றுக்கிழமை முதலில் மெக்கானிக்கின் மூச்சு வந்தது. பிறகு அவர் வந்தார்.

"லிஃப்ட் இல்லாத வீடாப் பார்த்துப் பொண்ணு எடுத்தேன் பாருங்க மேடம். என் தொழிலுக்கே அவமானம்."

"மேடம்னு கூப்பிடாதீங்க மாப்பிள்ளை. அப்புறம் எழுத்தைப் படிக்கச் சொல்லுவேன்."

அவர் பின்னால் சின்னவள் வந்தாள். ஆரஞ்சு நிறச் சட்டை போட்டிருந்தாள். அதில் உள்ளங்கை அகலத்துக்குப் பூக்கள். பெரியவள் பூக்களையே பார்த்தாள்.

"புதுசா?"

"ம்."

"அவரு எடுத்தாரா?"

"நான்தான்க்கா. அவருக்குப் புடிக்கவே இல்ல. கடையிலேயே சண்டை."

"தூரத்துலேர்ந்து பார்த்தா பந்தல் நடந்து வர்ற மாதிரி இருக்குன்னேன்" என்றார் மெக்கானிக். "அதுக்காகவே வாங்கிட்டா."

அவருக்குக் காபி கொடுத்து ஹாலில் உட்காரவைத்துவிட்டுப் பெரியவள் தங்கையை அறைக்குக் கூட்டிப்போனாள். உரிந்த சுவரில் மூன்று தாள்களும் வரிசையாக இருந்தன. மற்ற மூன்று சுவர்களில் இன்னும் பழைய பச்சைக் கோடுகள். சின்னவள் குருவிகளைப் பார்த்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்தாள். மஞ்சளைப் பார்த்தாள். மறுபடியும் முகத்தைப் பார்த்தாள்.

"எது அக்கா?"

"நீதான் சொல்லணும். நான் மூணு எடுத்தாச்சு."

"இதுல எதுங்கறேன்."

"உனக்குப் புடிச்சது."

"அது இல்லக்கா. இதுல எது உன்னோடது?"

பெரியவளுக்குப் புரியவில்லை. சின்னவள் சுவரைக் காட்டினாள்.

"எப்பவும் ரெண்டு கண்றாவியா இருக்கும். மிச்சம் ஒண்ணு உன்னோடது. இதுல கண்றாவியே இல்லையே. நான் எதை எடுக்கறது?"

பெரியவள் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"ஏழு வயசுலேர்ந்து. உடைஞ்ச குடைக்குப் பதிலா வேற வாங்கினோமே. ஒண்ணு எருமை கலர். ஒண்ணு கோமாளி தொப்பி. ஒண்ணு நீலம். யாருக்குத்தான் தெரியாது?"

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"வாயத் திறந்தா ரெண்டு பேருக்கும் கிடையாதுன்னு அம்மா சொல்லியிருந்துச்சே." சின்னவள் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்புறம் பழகிடுச்சு. உன் மூஞ்சியப் பார்ப்பேன். எதைக் காட்டும்போது நீ மூச்சைப் பிடிச்சுக்கறியோ, அதைத் தொடுவேன்."

பெரியவள் எதிர்ச் சுவரைப் பார்த்தாள்.

"இந்தக் கோடு?"

"அய்யோ, அது ஜெயிலு." சின்னவள் சிரித்தாள். "பத்தொன்பது வருஷம் கம்பி எண்ணியிருக்கேன். அந்தச் சுவருல மட்டும் நூத்திப் பன்னெண்டு."

பெரியவள் சிரிக்கவில்லை. நூற்றுப் பன்னிரண்டு இருக்குமா என்று எண்ணத் தொடங்கி, ஏழில் விட்டுவிட்டாள்.

"சரி. இந்தத் தடவை என்னோடதுன்னு எதுவும் இல்ல. மூணும் உனக்காகத்தான் எடுத்தேன். எது வேணுமோ எடு."

சின்னவள் எழுந்து சுவருக்கு அருகில் போனாள். மஞ்சளைத் தடவினாள். பெரணியைத் தடவினாள். நீண்ட நேரம் நின்றாள். இருட்டறையில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களின் முகம் அவளுக்கு வந்துவிட்டது.

"அவரைக் கூப்பிடட்டுமா?"

"எதுக்கு?"

"அவரு இதுதான்னு ஒண்ணைச் சொல்வாரு. நான் அது இல்லன்னு சொல்வேன். அப்படித்தான்க்கா எனக்குத் தெரியுது, எது வேணும்னு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "போன வாரம் திரைச்சீலைக்கு ரெண்டு மணி நேரம் சண்டை. பக்கத்து வீட்டம்மா வந்து கதவத் தட்டிட்டாங்க."

மற்றவர்கள் சுற்றுலா போய்வந்ததைச் சொல்வதுபோல் அதைச் சொன்னாள்.

பெரியவள் விரிப்பின் ஓரத்தை நீவினாள். கேட்பதென்றால் இப்போது கேட்க வேண்டும்.

"வெள்ளிக்கிழமை வந்து தங்குவியா? வாரம் ஒரு ராத்திரி. அதுக்குத்தான் இதெல்லாம்."

"இல்லக்கா."

யோசிக்கவே இல்லை. சொன்ன பிறகு சின்னவளே கொஞ்சம் திகைத்துப்போனாள்.

"பகல்ல வரேன். எப்பவும் போல. இங்க தங்கினா உன் மூஞ்சியவே பார்த்துட்டு இருப்பேன். அங்க போயி இப்பத்தான் அதை நிறுத்தியிருக்கேன்."

ஹாலில் மெக்கானிக் கோப்பையைத் தட்டில் வைக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப இந்த ரூம்?"

"உன் இஷ்டம்க்கா. மூணுல ஒண்ணை நீயே எடு."

"எனக்கு எதுக்கு?" பெரியவள் எழுந்தாள். "பதினோரு புஸ்தகம் பார்த்தேன். கடை சாத்தற வரைக்கும் நின்னேன். எனக்கு எதுக்கு இந்தக் குருவி?"

"யாரு நிக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல. நீதான் எதையும் சொல்ல மாட்டியே. நாப்பத்தி நாலு வருஷமா ஊமைக்கோட்டான் மாதிரி இருந்துட்டு இப்ப வந்து ஜெயிலுங்கற. அந்தக் குழாய்ச் சத்தத்தையாவது சொன்னியா?"

"நீ கேட்டியா? மூணை நீட்டிட்டு நிப்பே. அதுக்குப் பேரு கேக்கறதா?"

"சரி, இப்பக் கேக்கறேன்." பெரியவள் நீலத்தாளைப் பிய்த்து எடுத்தாள். டேப்போடு கொஞ்சம் சுண்ணாம்பும் வந்தது. "இது புடிச்சிருக்கா இல்லையா?"

"புடிக்கல."

"ஏன்?"

"குருவி எல்லாம் ஒரே பக்கம் பார்க்குது."

"குருவி எந்தப் பக்கம் பார்த்தா உனக்கென்னடி?"

"படுத்தா என்னையே பார்க்கும்."

"அதான் படுக்க மாட்டேன்னுட்டியே!"

அந்தச் சத்தம் அறையைச் சுற்றி வந்தது. மெக்கானிக் வாசலில் வந்து நின்றார்.

"என்னாச்சு?"

"ஒண்ணும் இல்ல" என்றாள் சின்னவள்.

அவர் இருவரையும் பார்த்தார். சுவரைப் பார்த்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"அந்த மஞ்சள் நல்லாத்தானே இருக்கு?"

"நீங்க சும்மா இருங்க" என்றார்கள் இருவரும்.

அவர் போய்விட்டார். இப்படி விரட்டப்பட்டுப் பழகியவர்போல் போனார்.

"மஞ்சளாம்" என்றாள் சின்னவள். "காமாலை வந்த சுவரு மாதிரி இருக்கு."

"துணி மாதிரி இருக்குடி. தொட்டுப் பாரு."

"தொட்டாச்சு. சாக்கு."

"சாக்கா? கண்ணைக் கழுவிட்டு வா. உன் சட்டையத் தினம் பார்க்கற கண்ணுக்கு இது எப்படித் தெரியும்?"

"சட்டைய ஏன் இழுக்கற? அந்தப் பெரணிய மட்டும் ஏன் சொல்லல? அது உன்னோடதுதானே?"

"இல்லைங்கறேன்."

"சாம்பல்ல இலை. உன் மூஞ்சி அப்படியே இருக்கு அதுல."

"அப்ப கிழிச்சுப் போடு."

சின்னவள் கிழிக்கவில்லை. மஞ்சளை மட்டும் உருவிக் கட்டிலில் எறிந்தாள். அது புது விரிப்பின்மேல் விழுந்தது. இருவருக்கும் மூச்சு வாங்கியது. பெரியவளுக்குக் காது சூடாக இருந்தது. தன் குரல் இவ்வளவு உயரும் என்பதை அவள் மறந்தே போயிருந்தாள். இன்னும் சொல்ல நிறைய இருந்தது. சோபாவைப் பற்றி இருந்தது. பல் டாக்டரைப் பற்றிக்கூட இருக்கும்.

ஹாலில் மெக்கானிக் இருமினார். மணி ஐந்தே முக்கால்.

சின்னவள் பையை எடுத்துக்கொண்டாள். அவள் முகம் சிவந்திருந்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. யாரும் எதையும் எடுக்கவில்லை.

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ள கடையில சொல்லணும்" என்றாள் பெரியவள்.

"எனக்குத் தெரியலக்கா" என்றாள் சின்னவள். அது நிஜம்போல் இருந்தது.

அவர்கள் படியிறங்கினார்கள். பெரியவள் வெளியே வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திறந்த கதவுக்குள் சோபா தெரிந்தது. அதற்கு அப்பால் திரைச்சீலை. ஒவ்வொன்றும் அவளுக்குப் பிடித்தது. வேறு யாருக்கும் பிடித்தது என்று அந்த வீட்டில் ஒரு கரண்டிகூட இல்லை.

கீழே மெக்கானிக்கின் குரல் கேட்டது. "ஊரே கேட்டிருக்கும்." சின்னவள் அதற்கு ஏதோ சொன்னாள். சரியாகக் கேட்கவில்லை. ஆரஞ்சு நிறம் இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒருமுறை தெரிந்து மறைந்தது. காலடிகள் முதல் மாடிக்கு வந்துவிட்டன.

பெரியவள் கைப்பிடிமேல் குனிந்தாள்.

"ஏய், மிச்ச சண்டைக்கு வெள்ளிக்கிழமை வர்றியா?"